கேரமல் புட்டிங் ஐஸ் காபி: எது சொதப்பினால் எங்கே பார்ப்பது

புதுச்சேரி வீடுகளில் விருந்துச் சாப்பாடு என்றால் கடைசியில் கேரமல் புட்டிங் வரும். அந்த ருசியைக் கண்ணாடி டம்ளருக்குள் இறக்குவதுதான் இந்தக் காபி. அடியில் கேரமல், மேலே கண்டென்ஸ்டு மில்க் கலந்த பால், ஐஸ், கெட்டி டிகாஷன், உச்சியில் கிரீம். வேண்டுமென்றால் காபி ஜெல்லித் துண்டுகளும் உண்டு. செய்முறை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செய்து முடித்தபின் ஏன் இப்படி ஆனது என்று கேட்டால்தான் ஆள் கிடைப்பதில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலிருந்தே கேக், புட்டிங் ஆர்டர் எடுக்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் இந்தக் கேள்விகளெல்லாம் என் போனுக்கு வந்து சேரும். கேட்கிறவர்கள் அளவை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்திருப்பார்கள். விசாரித்தால், ஏதோ ஒன்று சூடு ஆறாமலே டம்ளருக்குள் போயிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு இது. 350 மி.லி. டம்ளர் ஒன்றுக்கு முதல் டிகாஷன் 60 மி.லி., காய்ச்சிக் குளிரவைத்த பால் 100 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் ஒரு மேசைக்கரண்டி, கேரமல் ஒரு மேசைக்கரண்டி, ஐஸ் நான்கைந்து கட்டி, கிரீம் இரண்டு மேசைக்கரண்டி.

உங்கள் டம்ளரில் தெரிகிற குறை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதற்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், காசு கேட்கிற காரணம் கடைசியில் இருக்கும். வரிசையாகப் பாருங்கள், சரியானதும் நிறுத்திவிடுங்கள்.

## தண்ணியாக இருக்கிறது

முதலில் டிகாஷனைத் தொட்டுப் பாருங்கள். பாத்திரம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தாலே காரணம் கிடைத்துவிட்டது. ஃபில்டரிலிருந்து இறங்கிய சூட்டோடு 80 மி.லி. டிகாஷனை ஐஸ்மேல் ஊற்றினால், அது குளிர்வதற்குள் ஏறக்குறைய 70 கிராம் ஐஸ் கரைந்துவிடும். டிகாஷனில் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீரைக் கலந்ததற்குச் சமம். அறைச் சூட்டுக்கு ஆறிய டிகாஷன் என்றால் ஒரு கட்டி ஐஸோடு போகும். ஃப்ரிட்ஜில் குளிர்ந்தது என்றால் ஐஸ் அப்படியே நிற்கும். அதனால் ராத்திரியே டிகாஷன் இறக்கி, ஆறியதும் மூடி போட்ட பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாலும் அப்படித்தான்.

விருந்தாளி வாசலில் நிற்கிறார், குளிரவைக்க நேரமில்லை என்றால் டிகாஷன் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கலக்குங்கள். ஐந்து நிமிடம் போதும். ஃப்ரீசரில் சூடாக வைக்கிற குறுக்குவழி வேண்டாம், பக்கத்தில் இருக்கிற ஐஸும் இளகும்.

எல்லாம் குளிர்ந்திருந்தும் தண்ணியாக இருந்தால் டிகாஷனைத் தனியாக ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். குடிக்கவே முடியாத கெட்டியில் இருக்க வேண்டும். சப்பென்று இருந்தால் இரண்டாம் டிகாஷனைக் கலந்திருக்கிறீர்கள், அல்லது தண்ணீர் கூடுதல். 20 கிராம் தூளுக்கு, அதாவது குவியலான மூன்று மேசைக்கரண்டிக்கு, 120 மி.லி. கொதிநீர் போதும். தூள் தனக்கென்று 40 மி.லி. போல உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைத்தான் கீழே விடும். இரண்டாம் டிகாஷனைக் காலை காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அது ஆகாது.

டிகாஷனும் கெட்டி, எல்லாமும் குளிர்ச்சி, ஆனாலும் குடித்து முடிப்பதற்குள் கடைசி வாய் தண்ணீராகிறது என்றால் வெயில்தான் காரணம். மீதி டிகாஷனோடு சம அளவு பால் கலந்து ஐஸ் டிரேயில் ஊற்றிக் காபிக் கட்டியாக உறையவைத்துக்கொள்ளுங்கள். கரைந்தாலும் காபிதான் கரையும். நொறுக்கிய ஐஸ் பார்க்க அழகு, ஆனால் மே மாதத்துக் கடலூரில் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

## டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது

மேல் பாத்திரத்தை ஒருமுறை லேசாகத் தூக்கி வையுங்கள். கீழே காற்று அடைத்திருந்தால் உடனே சொட்டும்.

அப்படியும் இறங்கவில்லை என்றால், தூளைக் கரண்டியால் அமுக்கி இறுக்கிவிட்டீர்களா, அல்லது தூளே மாவு போல நைசாக இருக்கிறதா என்று பாருங்கள். நைசுத் தூளில் சிக்கரியும் அதிகம் என்றால் சேறாகி ஓட்டையை அடைத்துவிடும். அரைக்கிற கடையில் ஃபில்டருக்கு என்று சொல்லி வாங்குங்கள்.

மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகளில் பாதி தெரியவில்லை என்றால் வினிகர் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். எவர்சில்வர் என்றால் அடிப்பாகத்தை அடுப்புத் தணலில் காட்டி எரித்துத் தட்டினாலும் விட்டுவிடும். விளிம்பு நெளிந்து இரண்டு பாத்திரமும் சரியாக உட்காரவில்லை என்றால் புதுசு வாங்குவதே மேல். பித்தளை ஃபில்டர் என்றால் பாத்திரக் கடையில் ஒடுக்கு எடுத்துத் தருவார்கள், எறிய வேண்டாம்.

## கசப்பு நாக்கைப் பிடிக்கிறது

குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். சூடாக ருசி பார்த்துச் சரி என்று விட்டது, ஐஸ் போட்டபின் கசக்கும். எப்போதும் குளிர்ந்தபின் ருசி பாருங்கள்.

அடுத்தது கேரமல். ஒரு சொட்டைத் தனியாக நாக்கில் வைத்துப் பாருங்கள். அது கசந்தால் கருகவிட்டுவிட்டீர்கள், கீழே கேரமல் தலைப்புக்குப் போங்கள்.

கேரமல் சரி என்றால் தூள் பாக்கெட்டில் சிக்கரி விகிதம் பாருங்கள். காபியும் சிக்கரியும் இத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும். 60:40 தூள் சூடான பால் காபிக்கு நிறமும் கெட்டியும் தரும். ஐஸில் அதே சிக்கரி கஷாயம் போல நிற்கும். 80:20 என் தேர்வு. சிக்கரியே இல்லாத தூளும் வேண்டாம். கேரமலும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்ந்த இனிப்புக்கு எதிரே அது மெலிந்துபோகும். இது என் நாக்கின் தீர்ப்பு. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற தூளை முதலில் தீர்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஃபில்டரில் இறங்கிய டிகாஷனை மறுபடி அடுப்பில் கொதிக்கவைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

## பால் திரிகிறது, அல்லது திரிந்தது போலத் தெரிகிறது

இரண்டும் வேறு வேறு. சீக்கிரம் குளிரட்டும் என்று பாலை ஃப்ரீசரில் வைத்து அது பாதி உறைந்திருந்தால், இளகும்போது கொழுப்பு பிரிந்து துகள் துகளாக மிதக்கும். அது கெட்ட பால் இல்லை. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் சேர்ந்துவிடும்.

உண்மையாகவே திரிந்ததா என்று பார்க்க, மிச்சமிருக்கும் பாலில் இரண்டு கரண்டி எடுத்துச் சூடுபண்ணுங்கள்.

அது திரிந்தால் பால்தான் கெட்டிருக்கிறது. மின்வெட்டு நீண்ட நாளில் ஃப்ரிட்ஜ் பாலை நம்ப வேண்டாம். மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அது திரியவில்லை என்றால் டிகாஷனை முகர்ந்து பாருங்கள். ராத்திரி மேடையிலேயே விட்ட டிகாஷன் இந்தப் புழுக்கத்தில் காலைக்குள் புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் என்றாலும் நான் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை. அதுவும் சரி என்றால் டம்ளரைப் பாருங்கள், முன்னால் அதில் எலுமிச்சை ஜூஸோ மோரோ குடித்திருப்பார்கள்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சூடான பாலில் வெல்லத்தைப் போடாதீர்கள். தனியே பாகாக்கி, வடிகட்டி, பாலும் பாகும் இரண்டும் குளிர்ந்தபின் கலந்தால் பெரும்பாலும் திரியாது. அப்படியும் திரித்தால் அந்த வெல்லத்தைப் பொங்கலுக்கு ஒதுக்கிவிட்டு வேறு வாங்குங்கள்.

## இனிப்பெல்லாம் அடியில் தங்கிவிடுகிறது

சர்க்கரையைக் குளிர்ந்த பாலில் போட்டுக் கலக்கினால் கரையாது. ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைய மட்டும் கொதிக்கவிட்டு, பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் வரும்.

கண்டென்ஸ்டு மில்க் அடியில் கட்டியாக உட்கார்ந்தால் அதைக் குளிர்ந்த பாலில் கரைக்கப் பார்த்திருக்கிறீர்கள். வியட்நாமின் சைகோன் காபியைப் பார்த்தவர்களுக்கு வழி தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வேலைக்காக சைகோன் போனவர்கள் நிறைய. அந்த ஊரில் டம்ளரின் அடியில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றி, அதன்மேலேயே சின்ன ஃபில்டரை வைத்துச் சூடான டிகாஷனை இறக்கி, நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் ஐஸுக்குப் போவார்கள். நாமும் இரண்டு கரண்டி சூடான டிகாஷனில் கண்டென்ஸ்டு மில்க்கைக் கரைத்து, அந்தக் கலவையை ஆறவைத்து, பிறகு பாலில் சேர்த்தால் போதும்.

## கேரமல் சொல்பேச்சு கேட்கவில்லை

இந்தக் காபியில் உண்மையான வேலை இது ஒன்றுதான். குறை மூன்று விதமாக வரும்.

சர்க்கரை பூத்து மணல் மாதிரி ஆகிறது. கரையும்போது கரண்டி போட்டுக் கிளறியிருப்பீர்கள், அல்லது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை உள்ளே விழுந்திருக்கும். கிளறாமல் பாத்திரத்தை மட்டும் சுழற்றுங்கள். அரை டம்ளர் சர்க்கரைக்கு நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறும் இரண்டு கரண்டி தண்ணீரும் விட்டுத் தொடங்கினால் பூப்பது குறையும். ஏற்கெனவே பூத்துவிட்டதா? எறியாதீர்கள். கால் டம்ளர் தண்ணீர் விட்டு முழுக்கக் கரைத்து மறுபடி ஏற்றுங்கள்.

ஐஸ் பட்டதும் கல்லாகிறது, பல்லில் ஒட்டுகிறது. வெறும் சர்க்கரையை உருக்கி அப்படியே ஊற்றினால் இப்படித்தான். புட்டிங் அச்சில் ஊற்றுகிற கேரமல் அப்படி இருக்கலாம், அடுத்து வேகும்போது அது இளகிவிடும். டம்ளரில் இளக்க ஒன்றுமில்லை. தேன் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, அரை டம்ளர் சர்க்கரைக்குக் கால் டம்ளர் கொதிநீர் அல்லது சூடான ஃபிரெஷ் கிரீம் விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் வெடித்துத் தெறிக்கும். சூடாகவே விட்டாலும் பொங்கும், அதனால் ஆழமான பாத்திரம் எடுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அங்கே அது வழிந்தால் டம்ளரிலும் வழியும். வழியவில்லை என்றால் இன்னும் இரண்டு கரண்டி கொதிநீர் சேர்த்துச் சூடாக்குங்கள்.

கருகிக் கசக்கிறது. மீட்க வழியில்லை. தேன் நிறத்திலிருந்து கருப்புக்குப் போக சில நொடிகள்தான் ஆகும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் அடி மட்டும் முந்திக்கொள்ளும், கனத்த அடி உள்ள பாத்திரத்துக்கு மாறுங்கள். நான்ஸ்டிக் கறுப்பில் நிறம் தெரியாது, எவர்சில்வர் நல்லது. கருகிப் பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக் கையை வலிக்கவிடாதீர்கள். தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவிட்டால் தானே கரையும்.

கேரமல் தோலில் விழுந்தால் வெந்நீரைவிடக் கடுமையாகச் சுடும், ஒட்டிக்கொண்டும் இருக்கும். உடனே குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கை அளவுக்கு வந்தாலோ, முகத்திலோ விரல் மடிப்பிலோ பட்டாலோ, குழந்தைமேல் பட்டாலோ அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

## கிரீம் எழவில்லை, எழுந்தாலும் முழுகிவிடுகிறது

அதிகம் வருகிற கேள்வி இது. பாக்கெட்டைத் திருப்பிக் கொழுப்பு எவ்வளவு என்று படியுங்கள் என்பேன். மளிகைக் கடையில் கிடைக்கிற ஃபிரெஷ் கிரீம் பெரும்பாலும் 25 சதவீதம். அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் கெட்டிப்படும், நிற்காது. விப்பிங் கிரீம் என்று போட்டு 30 சதவீதத்துக்கு மேல் இருப்பதுதான் எழும். கையில் ஃபிரெஷ் கிரீம்தான் இருக்கிறது என்றால் அடிக்கவே வேண்டாம். நன்றாகக் குளிரவைத்து, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். மெல்லிய படலமாக மேலேயே நிற்கும். குடிக்க அதுவே எனக்குப் பிடிக்கும்.

கொழுப்பு சரியாக இருந்தும் எழவில்லையா? கிண்ணமும் பீட்டர் கம்பியும் சூடாக இருக்கும். இரண்டையும் அரைமணி ஃப்ரீசரில் வையுங்கள். மதியம் அடிக்க வேண்டாம். விடியலிலோ ராத்திரியிலோ, கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் தட்டு வைத்து அடியுங்கள். மின்விசிறி நேராக அடிக்கிற இடத்தில் நின்று செய்கிறவர்களும் உண்டு, அது கிரீமைச் சூடாக்கத்தான் உதவும்.

பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கிற பால் சேராத விப்பிங் கிரீம் உறைந்த பெட்டியாக வரும். இந்த ஊர் வெயிலுக்கு அது பால் கிரீமைவிடத் தாக்குப்பிடிக்கும், ருசி மட்டும் ஒரு படி கீழே. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, இன்னும் கொஞ்சம் ஐஸ் செதில் இருக்கும்போதே அடிக்கத் தொடங்குங்கள். முழுக்க இளகி, மறுபடி உறையவைத்து, மறுபடி இளக்கினது எழாது. அதில் ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது, சர்க்கரை சேர்க்காதீர்கள்.

பால் கிரீம் அடிக்க அடிக்கத் துகளாகிவிட்டால் கை மிஞ்சிவிட்டது. இரண்டு கரண்டி குளிர்ந்த கிரீம் விட்டுக் கையாலேயே மெதுவாகக் கலக்கினால் சில சமயம் திரும்பும். நீர் பிரிந்துவிட்டது என்றால் அது வெண்ணெய். பன்னில் தடவிக்கொள்ளுங்கள், காபிக்கு வேறு எடுங்கள்.

கிரீம் நன்றாக எழுந்தும் டம்ளரில் முழுகினால், ஐஸ் பாலுக்கு மேலே தலைகாட்டவில்லை என்று அர்த்தம். கிரீம் உட்கார ஐஸ் ஒரு மேடை மாதிரி நிற்க வேண்டும். இன்னும் இரண்டு கட்டி போடுங்கள்.

இத்தனைக்கும் காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் பண்ருட்டி முந்திரி இருக்கிறது. உடைந்த முந்திரியே போதும், விலையும் குறைவு. 15 துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்துக் கால் டம்ளர் குளிர்ந்த பாலோடு விழுதாக அரைத்து, காபியிலேயே கலந்துவிடுங்கள். மேலே மிதக்காது, ஆனால் மெலிந்த காபியை புட்டிங் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்புதான், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. புதுச்சேரிப் பாண்லே பால் வாங்குகிறவர்கள் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். நீலப் பாலில் செய்கிறவர்களுக்கு முந்திரி கைகொடுக்கும்.

## டால்கோனா நுரை வரவில்லை

கிரீமுக்குப் பதில் மேலே போடுகிற இந்த அடித்த காபி நுரை ஃபில்டர் டிகாஷனில் வராது. இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு எடுங்கள். வேறு வழியில்லை.

## ஜெல்லி உறையவில்லை, உறைந்தது கரைகிறது

ஜெலட்டின் போட்டீர்களா, சைனா கிராஸ் என்கிற கடல்பாசியா என்று முதலில் சொல்லுங்கள். ஜெலட்டின் ஜெல்லி 30 டிகிரி தாண்டினாலே தளரும். நம் ஊர் மதியத்தில் பரிமாறும் மேடையிலேயே நீராகிவிடும். சைனா கிராஸ் அந்தச் சூட்டில் கரையாது. எனக்கு அதுதான்.

சைனா கிராஸ் உறையவில்லை என்றால் அது முழுக்கக் கரைந்திருக்காது. வெந்நீரில் ஊறினால் போதாது, இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கொதிக்க வேண்டும். 5 கிராமுக்கு அரை லிட்டர் திரவம் கணக்கு. தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்துவிட்டு, அடுப்பை அணைத்தபின் டிகாஷனைச் சேருங்கள். டிகாஷன் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கக் கூடாது, விழுந்த இடத்திலேயே திரி திரியாக உறைந்துவிடும்.

## காபியில் கறுப்புக் கோடு, அல்லது மிக்ஸி நின்றுவிட்டது

மிக்ஸியில் அடித்த காபியில் கறுப்பாக எண்ணெய்க் கோடு தெரிந்தால் குடிக்காதீர்கள். ஜாரின் அடியில் பிளேடு சுழலும் புஷ் தேய்ந்து கசிகிறது. ஜாரில் தண்ணீர் ஊற்றி வெள்ளைத் தாளின்மேல் ஒரு மணி நேரம் வையுங்கள், கறை விழுந்தால் உறுதி. ரிப்பேர் கடையில் புஷ் மாற்றித் தருவார்கள்.

மிக்ஸி சட்டென்று நின்றால் சுவிட்சை அணைத்து, ஜாரைப் பாதி காலிசெய்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள். வெறும் ஐஸைத் திரவமில்லாமல் சட்னி ஜாரில் போட்டால் இதுதான் நடக்கும். மோட்டார் ஓடுகிறது, பிளேடு ஓடவில்லை என்றால் ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளரின் பல் போயிருக்கிறது, சின்னச் செலவு. காலி ஜாரோடும் பொத்தான் விழுந்தால், தீப்பொறி அல்லது கருகல் வாடை வந்தால், தொட்டால் ஷாக் அடித்தால் நீங்கள் திறக்காதீர்கள். மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

## ஐஸில் வாடை, உப்பு, அல்லது ஐஸே உறையவில்லை

வாடை என்றால் டிரேயைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், பக்கத்தில் மீனோ கருவாடோ இருக்கிறது. உப்பு என்றால் போர் தண்ணீர். கடலை ஒட்டிய தெருக்களில் கேட்கவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் மட்டும் ஐஸ் போடுங்கள்.

உறையவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். ஃப்ரிட்ஜில் குளிர்ச்சியைக் கூட்டுகிற திருகு எந்த எண்ணில் இருக்கிறது? ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிறதா? கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்து மறுபடி பாருங்கள், அப்படியும் வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். ஃப்ரீசரில் பனி அரை விரல் கனம் ஏறியிருந்தால் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு டம்ளர் காபிக்கு ஒரு ஃப்ரிட்ஜ் விலை.

மாலையில் மட்டும் உறையவில்லை, விளக்கும் மங்குகிறது, அக்கம்பக்கத்திலும் அப்படியே என்றால் வோல்டேஜ். கடலூர் பக்கம் மின்வாரியம், புதுச்சேரி என்றால் மின்துறை, அங்கே புகார் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஸ்டெபிலைசர்.

கம்ப்ரஸர் டிக் என்று தொடங்கி உடனே நின்றால், அல்லது ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் காய்ந்திருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு மூலையில் மட்டும் பனி என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். தேவனாம்பட்டினம் மாதிரி கடல் காற்று படுகிற வீடுகளில் பின்பக்கக் கம்பிச்சுருள் துருப்பிடித்துக் கசிவதும் உண்டு. கேஸ் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றினால் அடுத்த கோடைக்கு முன்பே மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

அவர் வருகிறவரை ஐஸ் வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் பார்லரில் பாக்கெட் ஐஸ் கேட்டுப் பாருங்கள். துறைமுகத்துப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற பாளம் மீனுக்கு உள்ளது. அதை டம்ளரை வெளியிலிருந்து குளிரவைக்க வேண்டுமானால் பயன்படுத்தலாம், டம்ளருக்குள் போடக் கூடாது.